காமா வரவில்லை என்றால் வேறொருவன் வந்திருப்பான்தானே?

வேதாளை டீச்சர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சொந்த ஊர் வேதாளை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற பஸ்ஸில் உச்சிப்புளி தாண்டினால் வரும் ஊர். பாம்பன் பாலத்தைப் பார்க்கிற அவசரத்தில் எங்கள் ஊரை யாரும் கவனிப்பதில்லை.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் கடல்வழிக் கண்டுபிடிப்புகள் நடத்தினேன். 1498, வாஸ்கோடகாமா, கோழிக்கோடு. பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து நிற்கிறான். அவன் அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறவர். விடியற்காலையில் வலையில் கைகொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். சட்டைக் கையில் இரண்டு செதிலாவது ஒட்டியிருக்கும். "டீச்சர், அந்த ஆள் வரலைன்னா வேற ஒருத்தன் வந்திருப்பான்ல? மீன் படுற இடத்துக்கு எங்க படகு போகலைன்னா அடுத்த படகு போகும். அப்புறம் எதுக்கு அவன் பேரை மட்டும் படிக்கணும்?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று உட்காரவைத்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. அவன் மறுபடி கேட்கவில்லை. ஆனால் நான் உள்ளே நுழையும்போதெல்லாம் என் முகத்தையே பார்க்கிறான்.

இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1538 தொடக்கத்தில் எங்கள் வேதாளைக் கரையில் ஒரு பெரிய சண்டை நடந்தது. கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரியின் பக்கம் நின்ற மரைக்காயர்களின் கப்பல் படை, இலங்கையில் சீதாவாக்கை அரசன் மாயாதுன்னேக்கு உதவப் போகிற வழியில் இங்கே நின்றது. மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசா என்ற போர்ச்சுகீசியத் தளபதி இங்கேயே வைத்து அதை முறியடித்தான். 11 வருஷம் கழித்து, 1549இல், அந்தோணியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் இதே ஊரில் விஜயநகரத்து வடுகப் படையின் கையில் இறந்தார். இந்தக் கரையில் அம்மாவோடு மரிக்கொழுந்துப் பாசி பொறுக்கி வளர்ந்தவள் நான். எதிரே முயல் தீவையும் மனோலித் தீவையும் பார்த்துக்கொண்டே பெரியவளானேன். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பி.எட். முடித்த பிறகு. எங்கேயோ லிஸ்பனில் ஒரு ராஜா கப்பல் அனுப்புகிறார், 40 வருஷத்தில் அது எங்கள் வீட்டு வாசலில் ரத்தமாக வந்து நிற்கிறது.

அதனால் கேட்கிறேன். உலகத்தின் போக்கை ஒரு ஆளால் மாற்ற முடியுமா? இல்லை, காலம் கனிந்து வரும்போது முன்னால் நிற்கிறவன் பேர் எழுதப்படுகிறதா? "இரண்டும்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அந்தப் பையனிடம் அது செல்லாது.


பரமக்குடி வரலாற்று மாணவன்:

அக்கா, பையன் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. அவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கக் கரையோரமாக நகரத் தொடங்கியது காமா பிறப்பதற்கு வெகு முன்னால். 1415இல் வட ஆப்பிரிக்காவில் சியூட்டாவைப் பிடித்தார்கள். 1434இல் பொஜடோர் முனையைத் தாண்டினார்கள். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கினார்கள். 1488இல் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். அதே சமயத்தில் பெரோ ட கொவில்யா என்ற ஒற்றரை இரண்டாம் ஜான் மன்னர் தரைவழியாக அனுப்பியிருந்தார். அவர் அரபியர் கப்பலில் ஏறிக் கோழிக்கோட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, கெய்ரோவிலிருந்து செய்தி அனுப்பினார். அதாவது 1497 ஜூலையில் காமா கப்பல் ஏறும்போது பாதையின் மேற்குப் பாதியை ஒருவரும் கிழக்குப் பாதியை இன்னொருவரும் பார்த்து முடித்திருந்தார்கள். நடுவில் விட்டுப்போன துண்டைத்தான் காமா இணைத்தார். அவர் கடலில் செத்திருந்தாலும் மானுவல் மன்னர் அடுத்த ஆளை அனுப்பியிருப்பார். காமா திரும்பிய அடுத்த வருஷமே 13 கப்பலோடு காப்ரால் என்ற தளபதியை அனுப்பினாரே!

பாடத்தில் வரும் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மது 1453இல் கான்ஸ்டாண்டினோபிளைப் பிடித்து வழியை அடைத்தார், அதனால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். 1415உம் 1434உம் 1453க்கு முன்னால் வருகின்றன. மிளகு பெரும்பாலும் போனதும் அந்த ஊர் வழியாக இல்லை. செங்கடல், எகிப்து, அலெக்சாண்ட்ரியா, அங்கிருந்து வெனிஸ். அந்த வழி 1453க்குப் பிறகும் திறந்துதான் இருந்தது. ஒரு சுல்தான் கதவைச் சாத்தினார், ஒரு கேப்டன் ஜன்னலைத் திறந்தார் என்று சொன்னால் பரீட்சைக்கு எழுத வசதியாக இருக்கும். நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை.

விலை இருந்தது, கப்பல் கட்டும் அறிவு இருந்தது, கடன் கொடுக்கிற வணிகர்கள் இருந்தார்கள். ஆள் தானாக வருவான்.


கீழக்கரை சுக்கானி:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். 31 வருஷம் சரக்குக் கப்பலில் ஓடினேன். அதில் பாதிக்கு மேல் சுக்கான் பிடித்தவன். இப்போது ஊரோடு இருக்கிறேன். காமாவின் முதல் பயணத்துக்கு, கூடவே போன ஒருவர் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. அதைக் கப்பலில் ராக்காவல் முடிந்த நேரங்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

தம்பி சொன்ன வருஷமெல்லாம் சரி. ஆனால் படகுக்காரன் பிள்ளையிடம் நீங்கள் முதலில் காற்றைப் பேசுங்கள்.

1498 ஏப்ரல் 24 அன்று ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தியிலிருந்து காமா பாய் விரித்தான். தென்மேற்குக் கச்சான் காற்று கிளம்புகிற நேரம். காற்று முதுகில். 23 நாள் கரையே காணாமல் ஓடி மலையாளத்து மலையைப் பார்த்தார்கள். மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு வடக்கே நங்கூரம் போட்டார்கள். அந்தத் தடம் காமாவுடையது இல்லை. மலிந்தியில் ஏற்றிக்கொண்ட வழிகாட்டியுடையது. அரபிக் கடலோடி இப்னு மாஜித் என்று பல பேர் எழுதுவார்கள், அது பின்னால் ஒட்டிய பேர். அவர் குஜராத்துப் பக்கத்து ஆள். போர்ச்சுகீசியர் அவரை 'மலெமோ' என்று எழுதிவைத்தார்கள். அரபியில் முஅல்லிம். நம் 'மாலுமி' அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். பின்னால் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதியபடி, காமா நட்சத்திர உயரம் அளக்கிற தன்னுடைய பெரிய மர அஸ்ட்ரோலேபைக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லையாம். மூன்று பலகை கொண்ட தன் கருவியைக் காட்டினாராம்.

அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு பலகை எங்கள் வீட்டில் இருக்கிறது. என் வாப்பாவின் வாப்பா கொழும்புக்குப் பாய்மரத் தோணி ஓட்டிய தண்டல். அவருடைய ராப்பலகை அது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. நடுவில் ஓட்டை, ஓட்டையில் கயிறு, கயிறு நெடுக முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கிற மட்டும் பலகையை முன்னால் நீட்ட வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு கடலும் வானமும் சேருகிற கோட்டில் உட்கார வேண்டும். மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் தொட்டுக்கொண்டு நின்றால், அந்த முடிச்சுக்குரிய ஊருக்கு நேராக வந்துவிட்டோம் என்று கணக்கு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். பலகையின் ஓரத்தில் அவர் விரல் பட்டுப் பட்டு மரம் வழுவழுவென்று கறுத்திருக்கும். அந்த மலிந்தி மாலுமியின் கையும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தை மாற்றிய பயணம் என்கிறார்கள். அதில் கப்பலைக் கொண்டுவந்து சேர்த்த ஆளின் முழுப் பேர்கூட நம்மிடம் இல்லை.

திரும்பிப் போன கதையைப் பாருங்கள். ஆகஸ்ட் 29 அன்று கோழிக்கோட்டை விட்டான். கோவாவுக்குத் தெற்கே அஞ்சதீவில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு அக்டோபர் 5 நடுக்கடலுக்கு இறங்கினான். கச்சான் ஓய்ந்து வாடை பிறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் வயசுப் பையனுக்குக்கூடத் தெரியும். வரும்போது 23 நாள் பிடித்த கடல், போகும்போது மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவாக இழுத்தடித்தது. ஈறு வீங்கிப் பல்லை மூடி, சாப்பிட முடியாமல் 30 பேர் செத்தார்கள். கப்பலுக்கு 7, 8 பேர்தான் எழுந்து வேலை செய்கிற நிலையில் இருந்தார்கள். அப்புறம் ஆள் போதாமல் ஒரு கப்பலைக் கரையோரம் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

ஆக, வழி கண்டுபிடித்த பெருமையைப் பொறுத்தமட்டில் உங்கள் பையன் பக்கம்தான் நான். காற்று அங்கேதான் இருந்தது. இதே காற்றில் 2,000 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிச் சரக்கு நம் வைகை முகத்துவாரத்து அழகன்குளம் வரை வந்திருக்கிறது. அங்கே தோண்டியபோது அவர்கள் காசும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. அந்தக் காற்றைக் கண்டுபிடித்தவன் ஹிப்பாலஸ் என்று கிரேக்கர்கள் ஒரு ஆளின் பேரைச் சொன்னார்கள். அரபிக்காரனும் நம் ஆளும் அதற்கு முன்னாலேயே அந்தக் காற்றில் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் தம்பி, ஆள் தானாக வருவான் என்று நீங்கள் எழுதியதோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வருகிறவன் வந்து இறங்கி என்ன செய்கிறான் என்பது காற்றின் கையில் இல்லை.

1498இல் காமா சாமூத்திரிக்குக் கொண்டுவந்த பரிசு என்ன தெரியுமா? கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கை கழுவும் கிண்ணம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெய் 2 பீப்பாய், தேன் 2 பீப்பாய். அரண்மனை ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வருகிற ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்றார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் வந்து அவமானப்பட்டவன் இரண்டு வழியில் போகலாம். அடுத்த முறை நல்ல சரக்கோடு வரலாம். அல்லது பீரங்கியோடு வரலாம்.

1502இல் அவன் 20 கப்பலோடு வந்தான். மக்காவில் ஹஜ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மிரி என்ற கப்பலை மலையாளக் கரைக்கு வெளியே மறித்தான். நூற்றுக்கணக்கான பயணிகள். பெண்களும் குழந்தைகளும் நிறைய. உயிருக்கு ஈடாகப் பெரும் பணம் தருகிறோம் என்றார்கள். சரக்கையும் ஆயுதத்தையும் எடுத்துக்கொண்டு, ஆட்களோடு சேர்த்துக் கப்பலைக் கொளுத்தச் சொன்னான். பெண்கள் கழுத்து நகையைக் கழற்றி உயரத் தூக்கிக் காட்டினார்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பார்த்தவன், அவனுடைய படையிலேயே வந்த ஒருவன், எழுதிவைத்திருக்கிறான்.

என் உம்மா பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ் போனவர். திரும்பி வந்து இறங்கும்போது ஜம்ஜம் தண்ணீர் அடைத்த தகர டின்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கூலியாள் கேட்டும் கொடுக்கவில்லை. மிரியில் இருந்த பெண்கள் கையிலும் அப்படி ஏதாவது இருந்திருக்கும். இதை எழுதும்போதே எனக்குக் கை நிற்கவில்லை.

அந்த உத்தரவைப் பிறப்பித்தது வெனிஸ் மிளகு விலை இல்லை, டயஸ் வரைந்த வரைபடம் இல்லை. ஒரு ஆள். கூட இருந்த அவன் ஆட்களிலேயே சிலருக்கு அது பொறுக்கவில்லை. வேறொருவன் வந்திருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டிருப்பான்.

அப்புறம் வந்தது கர்த்தாசு. அனுமதிச் சீட்டு. எந்தக் கப்பல், எத்தனை பெரியது, தண்டல் யார், எத்தனை ஆள், என்ன ஆயுதம், எங்கே போகிறது எல்லாம் எழுதி, போர்ச்சுகீசியனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவன் சொல்கிற துறையில் சுங்கம் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் கண்ணில் பட்டால் சரக்கும் கப்பலும் அவனுக்கு. இன்று மண்டபத்தில் விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போகுமுன் டோக்கன் வாங்குகிறார்கள், அது நம் அரசாங்கம் நம் ஆளுக்குக் கொடுப்பது. அன்றைக்கு ஐரோப்பாவின் ஓரத்தில் இருக்கிற ஒரு சின்ன நாடு, நம் கடலில் நாம் ஓட நமக்கே சீட்டு எழுதிக் கொடுத்தது. கடலுக்குச் சொந்தக்காரன் உண்டு என்ற எண்ணம் அதற்கு முன் இந்தப் பக்கம் அந்த அளவுக்கு இருந்ததில்லை. 1510இல் கோவா, 1511இல் மலாக்கா, அப்புறம் ஹோர்முஸ் என்று போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க் வாசல் வாசலாகப் பிடித்ததும், அதைப் பார்த்து ஒல்லாந்தும் இங்கிலாந்தும் வந்ததும் அதற்குப் பிறகு.

டீச்சரம்மா, உங்கள் வேதாளையில் 1538இல் கப்பலைப் பறிகொடுத்த மரைக்காயர்கள் அந்தச் சீட்டை வாங்க மறுத்தவர்கள். இரண்டே வருஷத்தில், 1540இல், சாமூத்திரி போர்ச்சுகீசியரோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. நம் முத்துச் சலாபக் கரையில் போர்ச்சுகீசியன் கை ஓங்கியதும் அந்தச் சண்டைக்குப் பிறகுதான்.


பரமக்குடி வரலாற்று மாணவன்:

சுக்கானி காக்கா, உங்கள் உம்மாவைப் பற்றிப் படித்துவிட்டு உடனே எதிர்வாதம் எழுத மனம் வரவில்லை. ஒரு நாள் கழித்து எழுதுகிறேன்.

இரண்டு விஷயம். காமாவுக்கு முன்னாலேயே, 1500 டிசம்பரில், காப்ரால் கோழிக்கோட்டின் மேல் குண்டு வீசிவிட்டார். நம் கடலும் அதற்கு முன் சாதுவாக இருக்கவில்லை. 1025இல் ராஜேந்திர சோழர் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்ததைப் பெருமையாகப் படிக்கிறோம், அடிபட்ட ஊர்க்காரனுக்கு அதுவும் பீரங்கி மாதிரிதான்.

ஆனால் நீங்கள் சொன்னதை யோசித்தபோது எனக்கே ஒரு உதாரணம் கிடைத்தது, அது உங்கள் பக்கம் போகிறது. 1405இலிருந்து 1433வரை செங் ஹோ ஏழு முறை சீனாவிலிருந்து பெரும் கப்பல் படையோடு இந்தக் கடலுக்கு வந்தார். கோழிக்கோடு, இலங்கை, ஆப்பிரிக்காவரை. அனுப்பிய யோங்லே பேரரசர் 1424இல் இறந்தார். அவர் மகன் பட்டத்துக்கு வந்ததும் பயணங்களை நிறுத்த உத்தரவு போட்டார். பேரன் காலத்தில் கடைசியாக ஒரு முறை வந்தார்கள், அதோடு சரி. பணமும் கப்பலும் மாலுமியும் இருந்த நாடு அது. 65 வருஷம் கழித்து காமா வந்தபோது எதிரே அந்தக் கப்பல்கள் இல்லை. அனுப்புவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றால் காலம் தேடிக் கொடுக்கும் என்று வாதாடுவேன். நிறுத்துவது மட்டும் அரண்மனையில் ஓரிருவர் எடுத்த முடிவு. அதை விலைவாசியை வைத்து மட்டும் என்னால் விளக்க முடியவில்லை.


முதுகுளத்தூர் சம்சாரி:

டீச்சர், கப்பல் பேச்சில் நான் என்ன சொல்வது என்று பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் சொல்லணும்.

காமா தேடி வந்தது மிளகை. அவன் ஆட்கள் பின்னால் கொண்டுவந்தது மிளகாயை. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 500 வருஷத்துக்கு முன்னால் நம் குழம்பில் உறைப்புக்கு மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். பேரிலேயே இருக்கிறது பாருங்கள், மிளகு மாதிரி உறைக்கிற காய் மிளகாய். இன்றைக்கு எங்கள் ஊர் முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடிச் சீமையில் வானம் பார்த்த கரிசலில் எத்தனை குடும்பம் அதை நம்பி இருக்கிறது! ஐப்பசி மழைக்கு ஊன்றி, மாசி பங்குனியில் பழம் எடுப்போம். களத்தில் காய்ந்த வத்தலை இரண்டு கையாலும் அள்ளிக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினால் உள்ளே விதை சலசலவென்று பேசும். அந்தச் சத்தம் வராவிட்டால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும் என்று அர்த்தம். எங்கள் ஆத்தாவுக்குக் கண் மங்கிய பிறகும் காதை வைத்தே சொல்லிவிடும்.

அந்த முதல் விதையை யார் கொண்டுவந்தான்? மாலுமியா, பாதிரியா, கப்பல் சமையல்காரனா? எந்தத் துறையில் இறக்கினான்? ஒருத்தருக்கும் தெரியாது. காமா பீரங்கி வைத்து மாற்றினான். இந்த ஆள் ஒரு கைப்பிடி விதையில், நம் நாட்டில் அடுப்பு எரிகிற எல்லா வீட்டையும் மாற்றினான். உங்கள் பையன் கேட்டானே, எதுக்கு அவன் பேரை மட்டும் படிக்கணும் என்று, அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் நீங்கள் தினமும் கரையில் கேட்கிற மீன் ஏலம், அந்த 'ஏலம்' என்ற சொல்லே போர்ச்சுகீசியர் விட்டுப்போனதுதான் என்று எங்கள் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்தார். சாவி, ஜன்னல், அலமாரி, மேசையும் அப்படித்தான். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.


கீழக்கரை சுக்கானி:

சம்சாரி அண்ணன் சொன்னது எனக்கு இதுவரை தோன்றாத விஷயம். எங்கள் வீட்டில் இன்று மீன் ஆணம் கொதிக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு: காப்ராலைச் சொன்னீர்கள். அவர் குண்டு வீசுவதற்கு முன்னால் கரையில் அவருடைய பண்டகசாலையைத் தாக்கி ஆட்களைக் கொன்றிருந்தார்கள். அதை நியாயம் என்று சொல்லவில்லை, ஆனால் அது சண்டைக்குப் பதில் சண்டை. மிரியில் இருந்தவர்கள் யாரையும் அடிக்கவில்லை. அந்த வித்தியாசத்தை விடமாட்டேன். சோழர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

செங் ஹோவைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. கப்பல் கொழும்பில் சரக்கு இறக்க நின்றபோது ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அங்கே மியூசியத்துக்குப் போனேன். காலியில் கிடைத்த ஒரு கல் அங்கே நிற்கிறது. 1409ஆம் வருஷம் தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று எழுத்து. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் விஷ்ணுவான தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரில். தங்கம், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பக்கமும் காணிக்கைப் பட்டியல். கல் தேய்ந்திருக்கிறது. ஆனாலும் தமிழ் எழுத்தைக் கண்டதும் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். சீனத்து ராஜா, சிங்களத் தீவில், நம் பாஷையில் கல் வெட்டி அனுப்பியிருக்கிறார். கடலில் யார் யார் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்த ஆள்.

அவரும் வெறுங்கையோடு வரவில்லை. இலங்கையில் சண்டை போட்டு அங்கிருந்த அழகேஸ்வரனைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். 1411இல் நடந்தது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் வந்தவர்களில் கல்லில் மூன்று பாஷை வெட்டிக் கொண்டுவந்தவரும் இருந்தார், ஹஜ் கப்பலைக் கொளுத்தியவனும் இருந்தான். காற்று இருவருக்கும் ஒன்றுதான்.


வேதாளை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இதை எல்லாம் அச்சு எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு பீரியட் முழுவதும் வாசித்தேன். முண்டு வத்தல் வந்தபோது இரண்டு பிள்ளைகள் "எங்க ஆத்தாவும் அப்படித்தான் டீச்சர் குலுக்கும்" என்றார்கள். மிரி கப்பல் வந்தபோது யாரும் அசையவில்லை.

கடைசியில் அவனைப் பார்த்து, "இப்ப என்னடா சொல்றே?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "மீன் படுற இடத்துக்கு யார் படகும் போகும் டீச்சர். ஆனா இரட்டைமடி போட்டு அடியோட அரிக்கிறதா, நம்ம வலை போட்டு வேணும்கிறதை எடுக்கிறதாங்கிறது அந்தப் படகுக்காரன் முடிவு" என்றான். இந்தக் கரையில் இரண்டு விசைப்படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி வலையால் எத்தனை தகராறு நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அவன் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உட்கார்ந்தவன் மறுபடி எழுந்தான். "அந்த மலிந்திக்காரர் ஏன் டீச்சர் அவனுக்கு வழி காட்டினாரு? அவர் மாட்டேன்னு சொல்லியிருந்தா?" இதற்கும் நாளைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

காக்கா, ஒரு வேண்டுகோள். அந்த ராப்பலகையை எடுத்துக்கொண்டு ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வர முடியுமா? கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வந்துவிட்டால் ராமேஸ்வரம் பஸ் எத்தனையோ இருக்கிறது. நானே வந்து கூட்டி வருகிறேன்.


கீழக்கரை சுக்கானி:

நானே வந்துவிடுவேன் தங்கச்சி, அலைய வேண்டாம். பழைய கயிறு இற்றுப்போய்விட்டது. புதுக் கயிறு கோத்து, முடிச்சை அளந்து போட ஒரு வாரம் கொடுங்கள்.

பகலில் காட்டினால் அது வெறும் மரத்துண்டு. சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். வேதாளைக் கரை தெற்கே பார்த்தது, அங்கே ஆகாது. துருவ நட்சத்திரம் நம் ஊரில் சுமார் 9 டிகிரி உயரம்தான், பனைக்குப் பின்னால் போய்விடும். மண்டபத்தில் வடக்குக் கடல் பக்கம் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். மாசி மாதம், வானம் வெளுத்திருக்கும். அந்தப் பையனை முதலில் கயிற்றைக் கடிக்கச் சொல்வோம்.